லோடு இல்லாமல் ஓடும் மீட்டர்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. குரலைக் கொஞ்சம் தணிச்சுக்கிடுவோம், அந்தா மூலையில தொட்டில்ல பேத்தி தூங்குதா. இப்பத்தான் கண்ணை மூடுனா.

முதல்ல ஒண்ணு கேட்டுக்கிடுதேன், தப்பா நினைக்கக்கூடாது. உங்களை அனுப்புனது எம் மகன் கனகவேல்தானே? பக்கத்து வீட்டு ஹேரல்டு இல்லையே? சரி, சரி. கேட்டு வச்சுக்கிடுறது நல்லதுல்லா. மின்வாரியத்துல முப்பது வருசம் குப்பை கொட்டுனவன் நான். அதுல பாதி கரண்டு திருட்டுப் பிடிக்கிற ஸ்குவாடுல. கோவில்பட்டியில இருந்து நம்ம ஜீப்பு கிளம்புதுன்னு தெரிஞ்சா எட்டயபுரத்துல மில்லுக்காரன் கரண்டுக் கம்பியில மாட்டுன திருட்டுக் கொக்கியை உருவ ஓடுவான். எவன் எதுக்கு வாரான்னு கேக்காம நான் யாருக்கும் காப்பி குடுத்ததில்ல. நீங்க குடிங்க, ஆறிரப்போகுது. மருமக போட்டது. ஆயிரம் சொன்னாலும் காப்பி நல்லாப் போடுவா.

ஆக, சர்ச்சுக்குப் பின்னால வீடு பாத்திருக்கீங்க. அங்கயும் இதே மாதிரி பேஸ்மென்ட் இருக்கு. ரேடான்னு ஒரு வாயு இருக்கான்னு சோதனை பண்ணிட்டு வாங்குன்னு ஊர்ல ஆளாளுக்குச் சொல்லுதான். பண்ணணுமா வேண்டாமா, அனுபவப்பட்டவங்களைக் கேப்போம்னு வந்திருக்கீங்க. அதானே? சொல்லுதேன். முழுசாக் கேட்டுட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க.

நம்ம பக்கம் வீட்டுல மண்ணுக்குள்ள இறங்குறதுன்னா கிணறு ஒண்ணுதான். அமெரிக்காவுல இந்த ஐயோவாக்காரன் வீட்டுக்கு அடியிலயே இன்னொரு வீட்டைக் கட்டி வச்சிருக்கான். என் வீட்டுக்காரி செண்பகம் தவறுன பெறவு மகன் என்னை இங்க கூட்டிட்டு வந்தான். வந்த அன்னைக்கே பேஸ்மென்ட்ல இந்த அறையைக் குடுத்தாங்க. தனி பாத்ரூம், அந்தா செண்பகம் படம், சாமி படம், இந்த ஒரு ஜன்னல். பாதி ஜன்னல் மண்ணுக்குள்ள. வெளிய பாத்தா புல்லும், அணில் காலும், ஹேரல்டு செருப்பும்தான் தெரியும். இருக்கட்டுமே. எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்கள்ல, அப்படி நிம்மதியாத்தான் இருந்தேன்.

வந்தது வினை ஹேரல்டு ரூபத்துல. அவன் நல்லவன் மாதிரித்தான் இருப்பான். கோடை வந்தா தோட்டத்துல காய்ச்ச சுரைக்காய் மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டுப் போவான். வேண்டாம்னாலும் வைப்பான். சும்மா தாரவனைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் யோசனைதான். அவன் பொண்டாட்டி டோனா போன வருசம் இறந்துபோனா. நுரையீரல்ல புத்துநோய். அந்தம்மா சிகரெட்டைக் கையால தொட்டதில்லயாம். நாப்பது வருசமா அவங்க பேஸ்மென்ட்ல உக்காந்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பாளாம். பாப்பா பிறந்தப்போ ஒண்ணு தைச்சுக் குடுத்தா. பாப்பா போத்தியிருக்கால்ல, அதுதான். கைவேலை நல்ல கைவேலை, அதை நான் இல்லேங்கல.

அவ செத்த பெறவு ஹேரல்டு தன் வீட்டைச் சோதிச்சுப் பாத்திருக்கான். ரேடான் எக்கச்சக்கமா இருந்துச்சாம். அதுல இருந்து வீடு வீடாப் போய், சோதிச்சுப் பாருங்க, சோதிச்சுப் பாருங்கன்னு ஒரே புலம்பல். எங்க வீட்டுக்கும் வந்தான். மருமக இந்துஜாகிட்ட வாசல்ல நின்னு ரொம்ப நேரம் பேசுனான், கண்ணைத் தொடைச்சான், போனான். எனக்கு அப்பவே பொறி தட்டுச்சு. பொண்டாட்டி செத்த துக்கத்துல இருக்கிறவன் வீடு வீடா ஏன் போறான்? எங்கயோ கமிசன் இருக்கு. டோனாவும் யாருக்கும் தெரியாம ஊதியிருப்பா. அதை எந்தப் புருசன் வெளிய சொல்லுவான்?

அன்னைக்கு மதியமே மருமக கீழ வந்தா. அவ கோயமுத்தூர்க்காரி. வார்த்தைக்கு வார்த்தை மாமா, மாமாம்பா. அவ்வளவு மரியாதை குடுத்தா அதுக்குள்ள என்னமோ இருக்குன்னுதான் எனக்குத் தோணும்.

"மாமா, அது மண்ணுல இருந்து வர்ற வாயுங்க மாமா. கண்ணுக்குத் தெரியாது, வாசம் கிடையாது. அடித்தளத்துல விரிசல் வழியா ஏறி மூடுன வீட்டுக்குள்ள சேர்ந்துக்கும். வருசக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல்ல புத்து வந்துருங்க. சோதிச்சுப் பாத்துறலாம். அதுவரைக்கும் நீங்க மேல நான் வேலை பாக்குற ரூம்ல படுத்துக்குங்க மாமா."

கேட்டீங்களா? கண்ணுக்குத் தெரியாதாம். மூக்குக்கும் தெரியாதாம். ஆனா ஆளைக் கொல்லுமாம். கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கிறவனுக்கு மதி எங்க போச்சு? எனக்கு மத்ததெல்லாம் காதுல விழல, கடைசி வார்த்தைதான் விழுந்துச்சு. மேல வந்து படுத்துக்குங்க. அந்தா, அதுதான் விசயம்.

ஏன்னா எங்க ஊர் நல்லமுத்து வாத்தியார் கதை எனக்குத் தெரியும். டெக்சாஸ்ல மகன் வீட்டுல இருந்தார். அறைக்குப் பெயின்ட் அடிக்கணும், ரெண்டு நாள் ஹால்ல படுங்கப்பான்னாங்க. படுத்தார். பெயின்ட் காஞ்சுச்சு, அறை திரும்பக் கிடைக்கல. அடுத்த மாசம் ஊர்ல மழை நல்லாப் பெய்யுதாம்ப்பா, போய் இருந்துட்டு வாங்கன்னு பிளைட்டு ஏத்திட்டாங்க. இப்ப கோவில்பட்டியில மெஸ்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். முதல்ல அறை, பெறவு பிளைட்டு. அந்த வரிசை எனக்கு அத்துபடி.

எனக்கு ஊருக்குப் போறதுக்குப் பயம் இல்ல தம்பி. அங்க வீடு இருக்கு, பென்சன் வருது. ஆனா அங்க யாரு இருக்கா? இந்தா தூங்குதால்லா, இவளுக்கு ஆதிரைன்னு பேர் வச்சிருக்காங்க. நான் செண்பகம்னுதான் கூப்பிடுவேன். அதே மூக்கு, அதே பிடிவாதம். இவளை விட்டுட்டு நான் அங்க போய் யாரு முகத்துல முழிக்க? அதனால சொல்லிட்டேன், செத்தாலும் இந்த அறையிலதான் சாவேன்னு. மருமக மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. திட்டம் பலிக்கலைன்னா அப்படித்தான் ஆகும்.

பெறவு லைப்ரரியில இருந்து ஒரு பெட்டி வந்துச்சு. இந்த ஊர் லைப்ரரியில புஸ்தகம் மாதிரி அதையும் இரவல் தாரான். உள்ளங்கை அளவு, வெள்ளையா, நடுவுல நம்பர் ஓடும். இந்த மேசையிலதான் வச்சா. நாலுக்குக் கீழ இருந்தாத் தேவலையாம், அதுக்கு மேல போனா ஏதாவது பண்ணணுமாம். மறுநாள் பாத்தா பதினொண்ணு. மகன் மூஞ்சி வெளுத்துட்டு. ராத்திரி ரெண்டு பேரும் மேல குசுகுசுன்னு பேசுதாங்க. கம்பெனி ஆளை வரச்சொல்லி அடித்தளத்துல துளை போட்டு, பைப்பு இறக்கி, ஃபேன் மாட்டி, அந்த வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல விடணுமாம். அந்தத் துளை எங்க போடணும்னு நினைக்கீங்க? இந்தா, என் கட்டில் கிடக்கிற இடத்துல. எப்படிக் கணக்குப் போட்டிருக்காங்க பாருங்க.

எனக்குப் பெட்டியைப் பாத்ததுமே கை அரிச்சுட்டு. மீட்டர்னா எனக்குத் தெரியாததா? காந்தம் வச்ச மீட்டரைப் பாத்திருக்கேன், சாய்ச்சுக் கட்டுன மீட்டரைப் பாத்திருக்கேன், மீட்டர் தட்டு சுத்தாம நிக்க உள்ள தேனைத் தடவி எறும்பை விட்டவனைப் பாத்திருக்கேன். எங்க தொழில்ல பாலபாடம் ஒண்ணு உண்டு. மீட்டர் மேல சந்தேகம் வந்தா லோடை எடுத்துட்டுப் பாரு. வீட்டுல ஒரு பல்பு எரியக்கூடாது, எல்லாத்தையும் அணைச்சுரு. அப்பவும் தட்டு சுத்துச்சுன்னா மீட்டர் பொய் சொல்லுதுன்னு அர்த்தம். அதே மாதிரி எதையாவது ஒண்ணை மாத்திப் பாரு. சம்பந்தமே இல்லாததை மாத்தும்போது நம்பர் மாறுச்சுன்னா அது எதை அளக்குதோ தெரியாது, சொன்னதை அளக்கல.

மகன் வேலைக்குப் போனான். மருமக மேல கம்ப்யூட்டர்ல மீட்டிங்ல இருந்தா. நான் இந்த ஜன்னலை முழுசாத் திறந்தேன். ஐப்பசி மாசம், நல்ல காத்து. திறந்துட்டுப் பெட்டி பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்தேன். சாயந்தரத்துக்குள்ள நம்பர் மளமளன்னு இறங்குது தம்பி. ரெண்டுக்குப் பக்கத்துல வந்து நின்னுட்டு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. தரையில இருந்து வர்ற வாயுவை அளக்கிற பெட்டிக்கு ஜன்னல்ல என்ன வேலை? நான் தரையைத் தொடவே இல்லியே. ஆக, பெட்டி டுபாக்கூர்.

மகன்கிட்ட அப்பவே சொல்லலை. திருட்டைக் கண்டா உடனே கத்தக்கூடாது, கையும் களவுமாப் பிடிக்கணும். அதுதான் ஸ்குவாடு.

கம்பெனி ஆள் வந்தான். இளவட்டம், தாடி, மரியாதையானவன், ஷூவைக் கழட்டிட்டு வந்தான். அவன் தன் மெசினை இந்த இடத்துல வச்சு, தொடக்கூடாதுன்னு ஸ்டிக்கர் ஒட்டுனான். ரெண்டு நாள் இருக்குமாம். அதுவரைக்கும் வீட்டுல எல்லா ஜன்னலும் மூடியே இருக்கணுமாம். திறந்தா வாயு கலைஞ்சு போயி நம்பர் குறைஞ்சிருமாம், உண்மை தெரியாதாம். மகன் எனக்குத் தமிழ்ல எடுத்துச் சொன்னான். நான் தலையை ஆட்டுனேன். மனசுக்குள்ள நினைச்சேன், கதவை மூடிக்கிடுங்கன்னு சொல்லுறவன் வீட்டுலதானடா எப்பவும் கொக்கி இருக்கும்.

அந்த மெசினை நான் தொடல. அதுல மட்டும் நான் சுத்தம். சீல் வச்ச மீட்டரை இந்தக் கை ஒருநாளும் தொட்டதில்ல, அது தொழில் தர்மம். ஆனா ஜன்னலுக்கு அவன் சீல் வைக்கலையே?

திறந்துட்டேன். அவன் கார் தெருமுனை தாண்டுமுன்ன திறந்துட்டேன். படியில மருமக காலடிச் சத்தம் கேட்டா மூடிருவேன், போன பெறவு திறந்துருவேன். ஒரு தரம் வந்து கேட்டா, ஜன்னல் மூடித்தானுங்களே மாமா இருக்குன்னு. மூடித்தான்மா இருக்குன்னேன். அப்ப மூடித்தானே இருந்துச்சு, நான் என்ன பொய்யா சொன்னேன்? ராத்திரி குளிருச்சு, ரெண்டு சால்வையைப் போத்திக்கிட்டுக் குல்லா போட்டுக்கிட்டுப் படுத்துக் கிடந்தேன். செண்பகம் படத்தைப் பாத்துச் சொன்னேன், ஏ புள்ள, உம் மகன் வீட்டை ஒரு கும்பல்கிட்ட இருந்து காப்பாத்திக்கிட்டு இருக்கேன்னு.

முடிவு வந்துச்சு. ரெண்டுக்கும் கீழ. அந்தத் தாடிக்காரப் பய மூஞ்சியைப் பாக்கணுமே. தலையைச் சொறியுதான், மெசினைத் திருப்பித் திருப்பிப் பாக்குதான். கடைசியில என்ன சொன்னான்ங்கீங்க? இப்போதைக்கு ஃபேன் தேவையில்ல, லைப்ரரிப் பெட்டி பழசா இருக்கலாம், எதுக்கும் குளிர்காலத்துல வீடு மூடிக் கிடக்கும்போது இன்னொரு தரம் சோதிச்சிருங்கன்னுட்டுக் கிளம்பிட்டான். ஒத்தக் காசு வாங்காம வியாபாரத்தை விட்டுட்டு எவனாவது போவானா? மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சிருக்கு, நழுவிட்டான். குளிர்காலத்துல மறுபடி வாரானாம். வரட்டும்.

மகனுக்கு மூச்சு திரும்பி வந்துச்சு. அதைப் பாத்து எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு, நிசத்தைச் சொல்லணும்ல. ஆனா மருமக இருக்காளே, அவ அழுதுட்டா. இந்தப் படியில உக்காந்து அழுதா. திட்டம் பொய்யாப் போச்சேன்னுதான் அழுதிருப்பா, வேற என்ன? மாமா, உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு நான் தூங்கவே இல்லைங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கை சில்லுன்னு இருந்துச்சு. நானும் சரிம்மா, சரிம்மான்னேன். அழுகுற பொம்பளைகிட்ட வேற என்னத்தச் சொல்ல?

அந்தச் சூட்டோட சூடா நானும் ஒரு வார்த்தை போட்டேன். அதான் கீழ ஒண்ணும் இல்லைன்னு மெசினே சொல்லிட்டே, இனி பாப்பாவை எங்கிட்ட விடு, நீ நிம்மதியா வேலையைப் பாருன்னேன். அதுக்கு முன்னால விடமாட்டா தம்பி. பாப்பாவை இந்தப் படி இறங்கவே விட்டதில்ல. நான் மேல போய்ப் பிள்ளையைக் கொஞ்சிட்டு, ஆசுபத்திரியில ஆளைப் பாக்கிற நேரம் முடிஞ்ச மாதிரி இறங்கி வருவேன். அன்னைக்கு யோசிச்சா, புருசனைப் பாத்தா, பெறவு சரிங்க மாமான்னா. மறுநாளே மகன் தொட்டிலைக் கீழ இறக்கிட்டான். முதல்ல பகல்ல மட்டும்தான் இருந்தா. பிள்ளைக்கு என் சூடு பழகிட்டு, இப்ப ராத்திரியும் இங்கதான். தரையில விளையாட்டு, தரையில தவழல். காலையில எந்திரிச்சதும் கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு தாத்தான்னு கூப்பிடுதா. அந்த ஒரு வார்த்தைக்கு இந்த அமெரிக்காவையே எழுதிக் குடுக்கலாம்.

நான் ஜன்னலைத் திறந்து வச்சதெல்லாம் மகனுக்கே தெரியாது. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்லுதேன், நம்மூர்ப் பிள்ளையா இருக்கீங்க, ஏமாந்துரக்கூடாதேன்னு. நீங்க வீட்டை வாங்குங்க. சோதனைன்னு வந்தா எனக்கு ஒரு போன் போடுங்க. ஜன்னல் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.

என்ன தம்பி, காப்பியை அப்படியே வச்சுட்டீங்க?

ஆமா, ஜன்னல் திறந்தேதான் இருந்துச்சு. மெசினு இங்க இருந்த நேரம் பூராவும்தான்.

இப்பவா? இப்ப எதுக்குத் திறக்கேன்? வெளிய பனி முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கு. பாப்பா வந்த வாரமே பிளாஸ்டிக் தாளை வாங்கி ஜன்னலைச் சுத்தி நானே ஒட்டிட்டேன். கையை வச்சுப் பாருங்க, ஒரு பொட்டுக் காத்து வராது. சுவத்துல இருந்த விரிசலுக்குக்கூடத் துணியைத் திணிச்சு வச்சிருக்கேன்.

அந்தத் தாடிக்காரனா? இல்ல, வரல. போன் பண்ணுனானாம். மருமகதான், அன்னைக்கே குறைவாத்தான இருந்துச்சு, பெறவு பாத்துக்கலாம்னு சொல்லிட்டா. அவளே சொல்லிட்டா.

ஏன், எங்க எந்திரிச்சிட்டீங்க? மேலயா? மருமக மீட்டிங்ல இருக்கா தம்பி, இப்பப் போனா திட்டுவா. அவகிட்ட உங்களுக்கு என்ன பேச வேண்டியிருக்கு? எதுனாலும் எங்கிட்டக் கேளுங்க. படியில பாத்து. தம்பி, நில்லுங்க, நான் உங்களை நம்பித்தான் சொன்னேன். சொன்னதை வெளிய விட்டுறாதீங்க.

போயிட்டான். அப்பவே நினைச்சேன். ஹேரல்டு அனுப்புன ஆளேதான். மூஞ்சியைப் பாத்ததுமே நான் உசாராகியிருக்கணும், காப்பியைக் குடுத்துக் கெடுத்துட்டேன்.

என்னம்மா இந்துஜா, ஏன் இப்படி ஓடியாற? மெதுவா, மெதுவா. பிள்ளை தூங்குதால்லா. எதுக்குத் தூக்குத, எந்திரிச்சிருவா. உங்கிட்ட அவன் என்ன சொன்னான்? நான் அந்த மெசினைத் தொடலம்மா. செண்பகத்து மேல சத்தியமா அதைத் தொடவே இல்ல. நீ எதுக்கு அழுகுத? இங்க பாரு, எங்கிட்டப் பேசு. நான் மேல வந்து படுத்துக்கிடுதேன், நீ சொல்லுற இடத்துல படுத்துக்கிடுதேன், சரியா? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா? இந்தா, என்ன பண்ணுத, அந்தத் தாளைக் கிழிக்காத. ஜன்னலைத் திறக்காதம்மா. பிள்ளைக்குக் குளிரும்.